கிருமியின் பெயர் வரும் நேரம்

நோர்வேயில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் மனிதர்கள் பொறுமை இழக்க இருபது நிமிடம் போதும். காய்ச்சல்காரரின் இரத்தம் விட்ட போத்தலில் கிருமி வளர்ந்தால் விளக்கு எரியும். அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்து, உருக்குத் தட்டொன்றில் பொட்டளவு தொட்டு வைத்து இயந்திரத்துக்குள் தள்ளினால், அது லேசர் ஒளியால் அடித்துப் பார்த்துப் பெயரைத் திரையில் எழுதிவிடும். எல்லாம் அரை மணித்தியாலத்து வேலை. ஒருநாள் இயந்திரம் இடையில் நின்று இருபது நிமிடம் பிந்திவிட்டது. பக்கத்து மேசை இங்ரிட், காலைநேரம் முழுக்கப் பாழாய்ப் போனதென்று முறையிட்டாள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் இதற்கு மூன்று நாள் எடுத்தோம் என்றேன். அவள் உண்மையான இரக்கத்தோடு, "இடையில் விடுமுறை வந்துவிட்டதா?" என்று கேட்டாள். நானும் ஆமென்று தலையாட்டிவிட்டேன்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இங்கே காய்ச்சலில் கிடப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. திரையில் பெயர் விழும்போதெல்லாம், இந்த மனிதருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு முதலே சரியான மருந்து ஏறிவிடும் என்று நினைப்பேன். அவர் நன்றாக இருக்கட்டும். ஆனாலும் என் சனத்துக்கு ஏன் இது இல்லை என்று வயிறு எரியும். வேலை முடிந்து பேருந்தில் ஏறும்வரை அந்த எரிச்சல் போகாது.

யாழ்ப்பாணத்தில் நானும் கலாவும் ஒரே மேசையில் வேலை செய்தோம். முதல் நாள் கண்ணாடித் துண்டில் சாயம் போட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. அடுத்த நாள் வட்டத் தட்டில் வளர்ந்ததைப் பார்ப்பது. அதன்பிறகு சோதனைக்குழாய்கள் நிறம் மாறும்வரை காவல் இருப்பது. கலாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. தட்டை யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்து, சோதனைகள் முடிய முதலே பெயரைச் சொல்லிவிடுவாள். "சாத்திரம் சொல்லத் தொடங்கிவிட்டாள்" என்று நான் பகிடி பண்ணுவேன். பரீட்சைகளில் முதலாவதாக வந்தவள் நான், இரண்டாவது அவள். வெளிநாட்டுக்குக் கலியாணமாகி வந்தவளும் நான்தான். அவளைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

போன மாரியில் அரியாலையில் அண்ணைக்குக் காய்ச்சல் வந்தது. சீனி வருத்தக்காரர், நீரிழிவு. குதிக்காலில் வெட்டுக் காயத்தோடு வயல் சேற்றுக்குள் இறங்கியிருக்கிறார். நாலாம் நாள் மூச்சு வாங்க, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கொடுத்த மருந்துக்குக் காய்ச்சல் அசையவில்லை. இரண்டு நாள் கழித்துக் கலா தொலைபேசியில் அழைத்தாள்.

"உன்ரை அண்ணையின்ரை போத்தில் வளந்திட்டுதடி. சாயம் போட்டுப் பாத்தன், ரெண்டு நுனியும் சிவந்து, நடு வெளிறி, சட்டை ஊசி மாதிரிக் கிடக்கு. எனக்கெண்டால் அந்தச் சேத்துக் கிருமி போலை கிடக்கு. டொக்டரிட்டைச் சொல்லப் போறன்."

அவள் சொன்னது மெலியோய்டோசிஸ் என்ற வருத்தத்தின் கிருமி. மழைக்காலத்தில் மண்ணிலும் சேற்றிலும் இருந்து ஏறுவது. வழமையான மருந்துகளுக்கு மசியாது. அதுதான் என்றால் அன்றைக்கே மருந்தை மாற்றவேண்டும். ஓடிப்போய்ச் சொல்லு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

"அவசரப்படாதை கலா. வெளிக்கிருமி கலந்திருக்கும். பேர் உறுதியாகுமட்டும் பொறு. பிழைச்சால் உன்ரை வேலைக்குத்தான் கேடு. நீ இன்னும் சாத்திரமே சொல்லுறாய்?"

"அங்கை உனக்கு மெசின் சொல்லும். இஞ்சை எனக்கு ஆர் சொல்லுறது? நான் வைக்கிறன்" என்றாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு நேரே வார்ட்டுக்கு நடந்திருக்கிறாள். டொக்டரும் அவள் சொன்னதைக் கேட்டார். பின்னேரமே மருந்து மாறியது. கிருமியின் பெயரை உறுதிசெய்து கொழும்பிலிருந்து பதில் வந்தபோது, அண்ணை கட்டிலில் எழும்பி இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். என் சொல்லைக் கேட்டிருந்தால் அந்தப் பதில் செத்தவீட்டுக்கு வந்திருக்கும்.

எங்கள் இயந்திரத்துக்கு இந்தக் கிருமியைத் தெரியுமா என்று இங்ரிட்டிடம் கேட்டேன். அவள் பட்டியலைத் தேடிப் பார்த்தாள். எங்களிடம் உள்ள பட்டியலில் அது இல்லையாம். அதன் சாதுவான ஒன்றுவிட்ட சகோதரமான இன்னொரு கிருமியின் பெயரைத்தான் இயந்திரம் சொல்லுமாம். எனக்கு அற்பமான ஒரு சந்தோசம் வந்தது. அது கனநேரம் நிற்கவில்லை. அண்ணையின் போத்தல் என் மேசைக்கு வந்திருந்தால் நானும் அந்தச் சகோதரத்தின் பெயரையே எழுதி அனுப்பியிருப்பேன்.

எங்கள் வீட்டில் தை மாதம் அரிவு வெட்டி முடிந்ததும் முதல் நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து புதிர் எடுப்பார்கள். புது அரிசியில் முதல் பங்கு தங்கச்சிக்கு, அதாவது எனக்கு. நான் இங்கே வந்த பிறகும், பயணம் வருகிற யாருடைய பெட்டியிலாவது அது எனக்கு வந்து சேரும். இந்தத் தை அண்ணை அழைத்தார்.

"புதிரைக் கலா வீட்டை குடுத்திட்டன் பிள்ளை. உனக்குக் கோவமே?"

"எனக்கென்ன கோவம் அண்ணை. அவளுக்குத்தானே குடுக்கவேணும்."

"வேண்டாமெண்டுதான் நிண்டவள். தங்கச்சிக்குக் குடுக்கிற பங்கு, பிடி எண்டு நான் சொன்னாப் பிறகுதான் கையை நீட்டினவள். அண்டைக்கு நீயும் போனிலை அவளுக்குத் தைரியம் குடுத்தனியாம். சொன்னவள்."

அப்படியில்லை என்று நான் திருத்தவில்லை. இந்த நகரத்தில் எத்தனையோ பேரின் இரத்தம் என் கைபட்டுப் போயிருக்கிறது, ஒருவரின் முகமும் எனக்குத் தெரியாது. என் அண்ணையின் இரத்தத்தைக் கண்ணாடியில் விரித்துப் பார்த்தவள் கலா. பங்கு அவளுடையதுதான். நான் தடுத்ததை அவள் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், அவளோடு கோபித்துக்கொண்டாவது இருந்திருப்பேன்.