எங்கள் செயற்கைக்கோள் கண்டெடுத்த சூரியன்

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. அப்படிப்பட்ட நான், திருப்பதியில் இன்ஜினியரிங் படித்தபோது, காத்திருப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு இயந்திரத்தைக் கடைசி வருட புராஜெக்டாக எடுத்துக்கொண்டேன். எல்லாம் என் கூட்டாளியால் வந்தது. வரதய்யபாளையத்துக்காரி. விண்வெளி என்றால் அவளுக்கு உயிர்.

விஷயம் இதுதான். விண்கலத்தில் ஏதாவது பழுதானால் மெக்கானிக் போய்ப் பார்க்க முடியாது. அதுவே கண்டுபிடித்து அதுவே சமாளிக்க வேண்டும். அவசியமில்லாத கருவிகளை அணைத்துவிட்டு, சோலார் பேனலைச் சூரியன் பக்கம் திருப்பி, பேட்டரியைக் காப்பாற்றிக்கொண்டு, பூமியிலிருந்து உத்தரவு வரும்வரை சும்மா கிடக்கும். இதற்கு சேஃப் மோட் என்று பெயர். பாத்திரம் தேய்க்கச் சொன்னால் என் அண்ணன் போகும் நிலையும் இதுவே.

நாங்கள் செய்தது டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. நூலில் தொங்கும். உள்ளே ஒரு சின்னச் சக்கரம் சுழன்று பெட்டியைத் திருப்பும். மேசை விளக்குதான் சூரியன். ஒரு ஒயரைப் பிடுங்கிப் பழுதாக்கினால், பெட்டி மெல்லச் சுற்றி வெளிச்சத்தைத் தேடும். ஓரளவு வெளிச்சம் பட்டதும் நின்று, பேட்டரியில் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்கும். ஏறவில்லை என்றால் அது சூரியன் இல்லை என்று முடிவுகட்டி மறுபடி தேட வேண்டும். இந்தக் கடைசி வேலையை அது செய்து நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. அதற்குள் நான் ரீசெட் பட்டனை அமுக்கிவிடுவேன்.

சென்னையில் எனக்கு ஒரு வேலை தயாராக இருந்தது. வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் தேறாவிட்டால் அந்த வேலையும் போகும், ஒரு வருடமும் போகும். வைவா நாளும் வந்தது. மதிப்பெண் போட வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் உள்ளே நுழைந்தார். மலைக்குப் போய் வேண்டுதலை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். புத்தம்புது மொட்டை.

நான் தெலுங்கில் ஆரம்பித்தேன். எந்த ஊர் என்று கேட்டார். நகரி என்று நான் சொன்னதும், "நமக்குப் பக்கத்துப் புத்தூரும்மா, தமிழ்லயே சொல்லு" என்று விளக்குக்கு எதிர்ப்பக்கம் போய்க் குனிந்தார். வெளிச்சம் பட்டுத் தலை பளபளத்தது.

ஒயரைப் பிடுங்கினேன். பெட்டி சுற்றியது. விளக்குக்குப் போகிற வழியில் அவர் தலை வந்தது. நின்றுவிட்டது.

அவர் இடப்பக்கம் நகர்ந்தார். அதுவும் திரும்பியது. வலப்பக்கம் வந்தார். அதுவும் வந்தது.

"இன்னாம்மா இது, என்னியே பாத்துக்கினு கீது?"

"பளிச்சுன்னு ஒரு பொருளைப் பாத்து சூரியன்னு நெனச்சுக்கினு..."

"எந்தப் பொருளு?"

அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்தேன்.

"மொட்டை சார்," என்றாள் கூட்டாளி.

அவள் கழுத்தை நெரிக்கத் தோன்றியது. என் கை தானாக ரீசெட் பட்டனுக்குப் போனது.

"கைய எடும்மா. அதுவா சரியாவும்னுதானே எழுதிகீறீங்க? ஆவுதான்னு பாக்கலாம்," என்றவர், கைகட்டிக்கொண்டு அசையாமல் குனிந்து நின்றார். மூக்கு அரித்திருக்க வேண்டும், அதையும் அடக்கிக்கொண்டார். என் வேலை, என் ஒரு வருடம் எல்லாம் அந்த மொட்டையைப் பார்த்தபடி நூலில் தொங்கின. கூட்டாளி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெட்டிக்குள் சக்கரம் முனகியது. மெல்ல அவர் தலையை விட்டு விலகி, சுற்றிக்கொண்டே போய், விளக்குக்கு நேராக நின்றது. சார்ஜ் ஏறுவதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. நான் கத்தியே விட்டேன்.

பேராசிரியர் மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட்டார். "பாஸு," என்றார். ஆனால் கிளம்பவில்லை. தலையைத் தடவிக்கொண்டே பெட்டியைப் பார்த்தார். முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

"என்னை வாணாம்னுட்டுச்சில்ல?"