லேட்டான ஜெட் மேலே போய்ப் பிடிக்குமா?

1. தொள்ளாயிரம்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, டைப் அடிக்கத் தெரியுமா என்று முதலாளி கேட்கவில்லை. "ஜெட் பிளேன் மணிக்கு எவ்ளோ தூரம் போவும், சொல்லு பாப்போம்" என்றார். தெரியாது என்றேன்.

"தொள்ளாயிரம் கிலோமீட்டர். இத மட்டும் மனப்பாடம் பண்ணிக்க. வர்றவன் வேற எதையும் கேக்க மாட்டான்."

எண்பதுகளின் தொடக்கம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடை மாடியில் எங்கள் டிராவல்ஸ் ஆபீஸ். ஒரு மேசை, ஒரு டெலிபோன், சுவரில் உலகப் படம். கீழே அடுக்கிய யூரியா மூட்டையின் நெடி படியேறி வந்து எங்களோடு உட்கார்ந்திருக்கும். முதலாளி அதற்கு முன் திருச்சி லைனில் இரண்டு பஸ் வைத்திருந்தவர். பஸ்ஸை விற்றுவிட்டார். பஸ் புத்தியை விற்கவில்லை.

அவர் சொன்னது பொய்யில்லை. திருமானூரிலிருந்தும் தா.பழூரிலிருந்தும் வரதராஜன்பேட்டையிலிருந்தும் வருகிறவர்கள், வெயிலைத் துண்டால் துடைத்துக்கொண்டே முதலில் கேட்டது அதைத்தான். "பிளேனு எவ்வளவு வெரசா போவும்ங்க?" நான் தொள்ளாயிரம் என்பேன். அவர்கள் முகத்தில் ஒரு காற்று அடிக்கும். அத்தனை வருஷம் வரப்பில் நடந்த கால்கள் அந்த ஒரு எண்ணைக் கேட்டதும் லேசாகிவிடும். அதைப் பார்க்க எனக்கும் பிடித்திருந்தது.

2. ரீகன்பர்ம்

அந்தக் காலத்தில் டிக்கெட் கையில் இருந்தால் மட்டும் சீட் நம்முடையது ஆகிவிடாது. புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு ஏர்லைன்ஸுக்குப் போன் போட்டு, இந்த ஆள் வருகிறார் என்று உறுதி சொல்ல வேண்டும். அதற்கு ரீகன்பர்ம் என்று பெயர். சொல்லாவிட்டால் சீட் விழுந்துவிடும். விழுந்த சீட்டை யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம்.

செல்வராசு திருமானூர் பக்கத்து ஆள். துபாயில் கட்டடத்துக்குக் கம்பி கட்டும் வேலை. சாரத்திலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு ஊருக்கு வந்தவர். எலும்பு கூடுவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. துபாய்க்கு வெளியே ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் வேலை விசா செத்துவிடும். அவருடைய கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. புதன்கிழமைக்கே பம்பாய்–துபாய் சீட் போட்டு வைத்திருந்தேன்.

விசா செத்தால் என்ன ஆகும் என்று அவர் மனைவி அஞ்சலை என்னிடம் ஒருமுறை சொல்லியிருந்தார். "பண்ணையில வேலைக்கு வர்ல, ஆள வுடுங்கன்னு சொல்லிட்டு வந்தோம்மா. இனிமே அங்க போயி நின்னா, வா ராசா, துபாய்லேர்ந்து எப்ப வந்தன்னு கேப்பாங்க. அந்த சிரிப்புக்கு நாண்டுகிட்டு சாவலாம்."

திங்கட்கிழமை காலை ஆபீசுக்கு வந்தால் செல்வராசு உட்கார்ந்திருக்கிறார். முதலாளி பேசிக்கொண்டிருக்கிறார். "ஏர்லைன்ஸ்காரன் மாத்திட்டாம்ப்பா. உனக்கு வெள்ளிக்கெழம சாயங்கால பிளைட்டு. என்ன, அதே பிளேனுதான்."

"வெள்ளிக்கெழம கடசி நாளுங்க. ராத்திரி பன்னண்டு தாண்டுனா உள்ள வுட மாட்டான்."

"மூணு மணி நேரம்ப்பா! அவுங்க கடியாரம் நம்மளவிட ஒன்ற மணி நேரம் பின்னாடி வேற. பன்னண்டுக்கு முன்னாடி எறங்கி டீயே குடிச்சுரலாம்."

"லேட்டாச்சுன்னா?"

முதலாளி சிரித்தார். "நம்ம வண்டி பாடாலூர்ல லேட்டானா சிறுவாச்சூர் வர்றதுக்குள்ள டிரைவர் பிடிச்சுர்றான்ல? அது பஸ்ஸு. இது ஜெட்டு. மேல போனதும் ஒரு மிதி மிதிப்பான், எல்லாத்தையும் பிடிச்சுருவான்."

செல்வராசுவும் சிரித்தார். நம்பினார். எங்கள் ஊரில் யார்தான் நம்ப மாட்டார்கள்? லேட்டான பஸ் பறக்கும் என்பதை அனுபவித்தவர்கள் நாங்கள். கதவுக் கம்பியைப் பிடித்தபடி, வயிறு ஒரு பக்கம் உயிர் ஒரு பக்கம் போக, நேரத்துக்கு இறங்கியவர்கள். ஆகாயத்தில் ஆடு கிடையாது, ரயில்வே கேட் கிடையாது. பறப்பதற்கென்றே பிறந்தது இன்னும் கொஞ்சம் பறக்காதா?

அவர் போனதும் திருச்சி ஏர்லைன்ஸ் ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டேன். அங்கே ஒரு அதிகாரி பொறுமையாகப் பேசுவார். செல்வராசு விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"சார், பிளைட் லேட்டா கெளம்பினா வேகமாப் போயி பிடிக்க முடியுமா?"

"யாரும்மா இத உனக்குச் சொன்னது? சத்தம் போற வேகம்னு ஒண்ணு இருக்கு. மேல அந்தக் குளிர்ல அது மணிக்கு ஆயிரத்துச் சொச்சம். பாசஞ்சர் ஜெட்டு ஏற்கெனவே அதுக்குக் கொஞ்சம் கீழதான் போவுது. இன்னும் அழுத்துனா றெக்க மேல போற காத்து முரண்டு பிடிக்கும், விமானம் உதறும், எண்ணெய் ஆறா ஓடும். எண்ணெய் வெல ஏறுனதுலேர்ந்து இருக்குற வேகத்தையே கொறைக்கச் சொல்றாங்க."

"துபாய் போறதுக்குள்ள எவ்வளவு பிடிக்கலாம் சார்?"

"தலைகீழா நின்னாலும் பத்து நிமிஷம்."

"சத்தத்தைத் தாண்டிப் போற பிளேனும் இருக்காமே?"

"இருக்கு. அது பெரிய பணக்காரங்களுக்கு. உன் கம்பி கட்டுறவரு ஏறுறது இல்ல." சிரித்துவிட்டு, அடுத்துச் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. "ஆமா, புதன்கிழமை சீட்ட நாங்க எங்க மாத்துனோம்? உங்க முதலாளிதான் போன் போட்டு, இவருக்கு வேணாம், வெள்ளிக்கிழமை சீட்டுக்காரருக்குக் குடுங்கன்னாரு."

3. அஷ்டமி

வெள்ளிக்கிழமைக்காரர் யார் என்பது மதியம் தெரிந்தது. அரியலூர் ரைஸ்மில் அதிபரே டிக்கெட் வாங்க வந்தார். மாப்பிள்ளைக்குத் துபாயில் ஆபீஸ் உத்தியோகம், புதிதாகச் சேரப் போகிறார். அடுத்த மாதம் போனாலும் கேட்க ஆளில்லை.

"வெள்ளிக்கெழம அஷ்டமி" என்றார் அவர், விசிறிக்கொண்டே. "மொத மொத போறாரு. பொண்ணு அழுவுது. நல்ல வேள, மாத்திக் குடுத்தீங்க."

நான் எழுந்து நின்றேன். "ஐயா, அது இன்னொருத்தர் சீட்டுங்க. அவருக்கு வெள்ளிக்கிழமையோட விசா முடியுது. நீங்க சனிக்கிழமைக்கு மேல எப்ப வேணாலும் போகலாம். அவர் போக முடியாது."

மில்காரர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார்.

"அவனும் பிளேன்லதானம்மா போறான், மாட்டு வண்டியிலயா போறான்?" என்றார் மில்காரர். கோபமே இல்லை அவருக்கு. அதுதான் எனக்கு எரிந்தது.

அவர் போன பின் முதலாளியிடம் பத்து நிமிஷக் கணக்கைச் சொன்னேன். "திருச்சிக்காரன் டிக்கெட்டு கிழிக்கிறவன். அவன் பிளேன் ஓட்டிருக்கானா? நாப்பது வருஷமா ரோட்ட பாத்தவன் நானு. போ, போயி வேலையப் பாரு."

செல்வராசுவிடம் சொல்ல ஓடினேன். அவர் பம்பாய் ரயிலைப் பிடிக்க மெட்ராஸ் பஸ் ஏறிவிட்டிருந்தார்.

4. திரும்பி வந்தவர்

பம்பாயில் மழை. ஓடுபாதையில் தண்ணீர். விமானம் பயணிகளை வயிற்றில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் நின்றது. மற்றதை அடுத்த வாரம் ஒரு காலை வேளையில், அதே நாற்காலியில் உட்கார்ந்து செல்வராசு சொன்னார்.

"மேல ஏறுனப்புறம் நல்லாத்தான் போச்சு மேடம். எனக்குத்தான் மெதுவாப் போற மாதிரியே இருந்துச்சு. சாப்பாடு கொண்டாந்த பொண்ணுகிட்ட, டிரைவர கொஞ்சம் மிதிக்கச் சொல்லுங்கன்னேன். பக்கத்துல இருந்தவன்லாம் சிரிச்சான். இமிக்ரேஷன்ல அந்த ஆபீசர் பாஸ்போர்ட்ட வாங்குனான், செவுத்துல கடியாரத்தக் காட்டுனான். அவ்வளவுதான். ஒரு பெஞ்சில உக்கார வெச்சி, திரும்பி வர்ற பிளைட்டுல ஏத்திட்டான்."

முதலாளி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "மழைக்கு நான் என்னப்பா பண்ணுவேன்" என்றார்.

"மழைக்கு நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்!" படியருகே நின்ற அஞ்சலை உள்ளே வந்தார். நான்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். "அவுங்க மாப்புள்ளைக்கு அஷ்டமி ஆவாது. எங்களுக்கு மட்டும் ஆவுமா? எங்களக் கேட்டீங்களா? வூட்டுக்கு வந்து, செல்வராசு, அஷ்டமியில நீ போறியான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"ஏய், ஆபீஸ்ல சத்தம் போடாத."

"போடுவேன். கீழ ரோடு பூரா கேக்கட்டும்."

கேட்டது. உரக்கடையில் மூட்டை தூக்குகிறவர்கள் தூக்கியதை இறக்கிவிட்டு நின்றார்கள். முதலாளி எழுந்து பின்கதவு வழியாகப் போனார்.

விசா போனது போனதுதான். துபாய் கம்பெனிக்கு டெலெக்ஸில் தகவல் அனுப்பினால் ஏதாவது நடக்கலாம் என்றார் திருச்சி அதிகாரி. நடந்ததை எழுதி என் பெயரிலேயே அனுப்பினேன். அந்த இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டோம் என்று பதில் வந்தது. செல்வராசு பண்ணைக்குப் போகவில்லை. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் லோடு ஏற்றப் போனார். முறிந்து ஒட்டிய காலோடு.

5. அடுத்த பிளைட்

ஒரு வருஷம் கழித்து மில்காரரின் மாப்பிள்ளை லீவில் வந்தார். நல்ல மனிதர். எல்லாருக்கும் மிட்டாய் கொண்டுவந்திருந்தார். "கண்ண மூடித் தொறந்தேங்க, துபாய் வந்துருச்சு! என்னா ஸ்பீடு!" என்றார்.

அவர் போன சீட் யாருடையது, அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்று சொன்னேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். முகம் வாடியது. பிறகு கேட்டார்:

"பாவம். அவரு அடுத்த பிளைட்டுல போயிருக்கலாமே?"

அடுத்த பிளைட் எப்போதும் இருக்கிறவர்களுக்கு அது இல்லாதவர்கள் இருப்பதே தெரியாது. அந்த மாதக் கடைசியோடு வேலையை விட்டேன். பிறகு திருச்சியில், மெட்ராஸில், எத்தனையோ கவுண்டர்களில் உட்கார்ந்தேன். ஜெட்டுகள் பெரிதாயின, வேகம் மட்டும் அதே தொள்ளாயிரத்தை ஒட்டியே நின்றது. என் கோபமும் அப்படியே நின்றது.

இன்று கவுண்டரில் உட்கார்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். விமானம் எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டால் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் வேகத்தைச் சொல்லும் முன், நீங்கள் அங்கே எந்தத் தேதிக்குள் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். யாராவது பெரியவர் வந்து ஒரு சீட்டை மாற்றச் சொன்னால், அந்தச் சீட்டுக்காரரை வரவழைத்து, பெரியவர் எதிரிலேயே இன்னொரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். பெரியவர் கேட்பதைச் சீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும்.