சீல் வைத்த தாள்களோடு அடையாறு வரை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். போய் வந்த இடத்தைப் பற்றி நம் மகளிர் குழுப் பத்திரிகைக்கு ஆளுக்கொன்று எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் திருப்பதி, வேளாங்கண்ணி என்று எழுதியிருக்கிறார்கள். நான் போனது அடையாறுக்கு. நொச்சிக்குப்பத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் இருக்கும். கூட்டத்தில் வாய் திறக்க எனக்குக் கூச்சம், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

காலை 9.10. மகன் ஏழுமலை போன் செய்தான். நாற்பதை நெருங்குகிறான். அடையாறு காந்தி நகரில் ஓர் எண்ணெய்க் கடையில் பதினைந்து நாளாகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு வேலையை நிரந்தரம் ஆக்குகிறார்களாம்.

"எம்மா, ஆதாரு, ரேசன் கார்டு, டிசி மூணும் எட்தா. பீரோவுல மஞ்சக் கவர்ல கீது. பத்தரைக்குள்ள வந்துடு."

எங்கள் பக்கத்தில் எந்த ஆபீசுக்குப் போனாலும் ஒரு தாள் குறைந்தால் நாளைக்கு வா என்பார்கள். அதனால் சீல் வைத்த தாள் எல்லாம் ஒரே கவரில் கிடக்கும். எங்கே போனாலும் கவரோடு போவதுதான் வழக்கம். அன்றைக்கும் கவரோடு கிளம்பினேன்.

9.40. சாந்தோம் ஸ்டாப்பிங்கில் பஸ். பெண்களுக்கு டிக்கெட் காசில்லை. கண்டக்டர் என்னைத் தெரிந்தவர்.

"இன்னா ஆயா, கூடையக் காணோம்? மீனெல்லாம் லீவா?"

"புள்ளைக்கு வேலை பர்மென்ட் ஆவுது நைனா."

"அப்போ இனிமே ஏசி கார்லதான் போவே. எங்க பஸ்ஸையும் கொஞ்சம் நெனச்சுக்கோ."

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தாலும் சந்தோஷம்தான். பட்டினப்பாக்கம், ராஜா அண்ணாமலைபுரம், பாலம். பாலத்தில் காற்று நன்றாக இருந்தது. இறங்கி, இரண்டு பேரிடம் வழி கேட்டு நடந்தேன்.

10.20. கடை வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் போனேன். உள்ளே ஜில்லென்று இருந்தது. விரல் நீளப் புட்டி ஒன்று 890 ரூபாய் என்று ஒட்டியிருந்தது. புட்டி எல்லாவற்றிலும் ஓர் இலைப் படம். அந்த இலையை எனக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வயதில் ஏழுமலை சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலம் கிடைத்ததென்று பிடித்துப் போனார்கள். புழல் ஜெயிலில் ஆறு மாதம். பிறகு அபராதம் கட்டி வெளியே வந்தான். பேப்பரில் அவன் தலைகுனிந்து நின்ற படத்துக்குப் பக்கத்தில் இதே இலையைத்தான் போட்டிருந்தார்கள். அதற்கப்புறம் அவனை எந்த வேலையிலும் மூன்று மாதத்துக்கு மேல் வைத்ததில்லை.

மேனேஜர் சின்னப் பெண். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தது. சுவரில் இங்கிலீஷில் எழுதியிருந்தது என்னவென்று கேட்டேன், படித்துக் காட்டியது. "பின்தங்கினவங்களுக்கு எங்க கம்பெனியில முதல் இடம்னு போட்டிருக்கும்மா. அதனாலதான் குப்பத்துல இருந்து ஆள் எடுக்கிறோம்."

கும்பிட்டேன். மஞ்சள் கவரை அப்படியே கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றாக எடுத்தது. நான்காவது தாளில் நின்றுவிட்டது.

"அம்மா, இது கஞ்சா கேஸ் தீர்ப்பா?"

"அது முடிஞ்சிபோச்சி பாப்பா. அபராதம் கட்டியாச்சி. சீல் கீது பாரு."

பின்னாலிருந்து ஏழுமலை வந்தான். கையில் ஒட்டுகிற டேப். தாளைப் பார்த்தான். "இத்த ஏம்மா எட்தாந்தே?" என்றான். சத்தமே இல்லை.

"சார், மத்த கடைன்னா பரவாயில்ல," என்றது அந்தப் பெண். பதினைந்து நாளாக ஏழுமலை என்று கூப்பிட்டதாம், இப்போது சார் என்றது. "இந்தத் தொழில்ல எங்க மேல ஏற்கனவே எல்லாருக்கும் சந்தேகம். இந்தக் கேஸ் உள்ளவங்கள மட்டும் வெச்சுக்க முடியாது. மேலிடத்து ரூல்."

"மேடம், இதுவும் அந்தச் செடிதானே?"

"இது விதை எண்ணெய் சார். சட்டம் அனுமதிச்சிருக்கு."

"நான் பதினஞ்சு நாளா கட்டி அனுப்புனப்போ மட்டும் பரவாயில்லியா?"

அந்தப் பெண் தாள்களைத் திரும்பக் கவரில் வைத்துக் கொடுத்தது. கெட்ட பெண் இல்லை, கண் கலங்கியது. எனக்கு ஒரு சின்னப் புட்டி இனாமாகக் கொடுத்தது, முழங்காலுக்குத் தேயுங்கள் என்று. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கி மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

11.15. திரும்பும் பஸ்ஸில் அவன் முன்னால் நின்றான், நான் பெண்கள் சீட்டில். பட்டினப்பாக்கத்தில் சொல்லாமல் இறங்கிக் கடல் பக்கம் நடந்தான். அந்தக் கடையைப் போல் எங்கள் குப்பத்தில் ஜில்லென்று ஓர் இடமும் இல்லை, பளபளப்பும் இல்லை. ஆனால் புழலுக்குப் போய் வந்தவனுக்கும் வலை இழுக்க இடம் விடுவார்கள்.

பஸ் நேரம், இடத்தின் பெயர் தப்பாக இருந்தால் படித்தவர்கள் திருத்துங்கள். இலைக்கு ஜெயிலும் விதைக்குக் கடையும் என்று சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறதா, பாருங்கள். இன்னொன்று. நான் அந்தத் தாளை எடுத்துப் போகாமல் இருந்தாலும் போலீசில் விசாரித்து எப்படியும் கண்டுபிடித்திருப்பார்களா? எட்டு நாளாக அவன் என்னோடு பேசவில்லை. இதை மட்டுமாவது யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.