மஞ்சள் காரின் மூன்று ஓட்டங்கள்

1. முதல் ஓட்டத்தில் எங்கள் கார் சரிவின் பாதியிலேயே நின்றுவிட்டது.
2. இரண்டாம் ஓட்டத்தில் இடது முன்சக்கரம் கழன்று, காருக்கு முன்னால் தான் மட்டும் கோட்டைத் தாண்டியது.
3. மூன்றாம் ஓட்டத்தில் கார் முழுதாக வந்து சேர்ந்தது. நான்கு கார்களில் நான்காவதாக.

உள்ளங்கை நீள மரக்கட்டையில் செய்த கார் அது. பிளெய்ன்ஸ்பரோவில் என் பள்ளியின் உணவுக்கூடத்தில், சாய்த்து வைத்த பலகைத் தடத்தில் நடந்த பந்தயம். எனக்கு எட்டு வயது. காரை வடிவமைத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கோயம்புத்தூரிலிருந்து ப்ரோகிராம் எழுத வந்தவர். கம்பெனிகள் வரிசையாக ஆட்களைக் குறைத்த 2001 வசந்தத்தில் அவருடைய ப்ராஜெக்ட் போய்விட, எங்கள் அபார்ட்மெண்ட் சோபாவில் குடியேறியிருந்தார். மாதக் கடைசிக்குள் வேறு ப்ராஜெக்ட் கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று, அவரை அழைத்து வந்த கம்பெனி சொல்லியிருந்தது. வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும், அடுத்த வாரம் மழை வரலாம் என்று தெரிவதைப் போல.

டிவியில் வரும் கிராண்ட் ப்ரீ கார் பந்தயங்களில் ஒரே ஒரு கார் மேல் மாமாவுக்குப் பிரியம். மஞ்சள் நிறம். ஒரு புள்ளிகூட எடுத்ததில்லை. அதன் குறைகளை அவர் வரிசையாகச் சொல்வார்: வேறு அணி கழித்துப்போட்ட பழைய இன்ஜின், காற்றுப் போகாத இடுக்கில் வைத்த ரேடியேட்டர், அது சூடாகாமலிருக்கப் பக்கவாட்டில் வெட்டிய ஓட்டைகள், அந்த ஓட்டைகளால் நேர்ப்பாதையில் குறையும் வேகம். ஒரு தப்பைச் சரிசெய்யப் போய் இன்னொரு தப்பு. சனிக்கிழமை காலைத் தகுதிச் சுற்றை அவர் நகம் கடித்துக்கொண்டு பார்ப்பார். அதில் மிகவும் பின்தங்கும் காரை ஞாயிறு பந்தயத்தில் சேர்க்க மாட்டார்கள். மஞ்சள் கார் தேறிவிட்டால், ஞாயிறன்று பந்தயத்தைப் பார்க்காமல் நிம்மதியாகத் தூங்குவார். எனக்கு இது விளங்கவே இல்லை.

எங்கள் கட்டையையும் அதே வடிவில் செதுக்கி மஞ்சள் அடித்தார்.

“பட் இட் ஆல்வேஸ் லூஸஸ், மாமா!”

“தோக்கறதுக்கும் முதல்ல உள்ள விடணுமல்ல, கண்ணு?”

சக்கரங்கள் வழுக்கிச் சுற்றட்டும் என்று, அச்சாக அடித்த ஆணிகளில் பென்சில் முனையைப் பொடித்துத் தடவினார். பந்தயத்தன்று காலை அவர் குளிக்கப் போன நேரத்தில், புது வண்டிக்குச் செய்வதையெல்லாம் அம்மா செய்து முடித்துவிட்டாள். நான்கு சக்கரத்துக்கும் சந்தனம், குங்குமம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். கார் ஏறிப் பழம் நசுங்கவில்லை. அதனால் காரை உள்ளங்கையால் அழுத்திப் பழத்தை நசுக்கினாள். சாறு அச்சுக்குள் இறங்கியது, சந்தனம் அதன்மேல் காய்ந்து பிடித்துக்கொண்டது.

முதல் ஓட்டத்தில் நின்றுபோன காரை மாமா எடுத்து மோந்து பார்த்தார்.

“அக்கா, லெமன் வெச்சியா?”

“புது வண்டிடா. வெக்காம அனுப்புவாங்களா? சாமி கும்பிட்டது ஒரு தப்பா?”

“தப்பில்லக்கா. சாமிக்கு ஃப்ரிக்‌ஷன் மட்டும் கொஞ்சம் வராது.”

அப்பா சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா பல்குத்தும் குச்சியால் சந்தனத்தைச் சுரண்டினார். சுரண்டியதில் ஓர் ஆணி தளர்ந்தது. இரண்டாம் ஓட்டத்தில் சக்கரம் தனியே போனது. இத்துடன் நிறுத்திக்கொள்ளலாமா என்று டீச்சர் குனிந்து என்னிடம் கேட்டார். நான் தலையாட்டுவதற்குள் மாமா, “நோ நோ, வி வில் ரன்,” என்றார். டீச்சரிடமே பசை வாங்கி ஆணியை ஒட்டினார். பசை வழிந்து அந்தச் சக்கரம் சுற்றாமல் போனது. மற்ற மூன்று போதும் என்றார்.

கார் கோட்டைத் தாண்டியபோது மாமா எழுந்து நின்று கை தட்டினார். ஜெயித்த பையனின் அப்பாகூட அப்படித் தட்டவில்லை. கூடமே திரும்பிப் பார்த்தது. வீடு வரும்வரை நான் அவரோடு பேசவில்லை.

மாதம் முடிந்தது. அவர் எதிர்பார்த்த போன் எதுவும் வரவில்லை. நியூவர்க் விமான நிலையத்தில், பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு வந்து, காரின் ஆணியைச் சரியாக ஒட்ட நல்ல பசை வாங்கிக் கொடுக்கும்படி அப்பாவிடம் நினைவூட்டிவிட்டுப் போனார்.

அடுத்த கிராண்ட் ப்ரீ பந்தயத்தின் சனிக்கிழமை, தகுதிச் சுற்றை நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். மறுநாள் அப்பா, முன்பணம் கட்டி வாங்கிய காலிங் கார்டில் ஊருக்குப் பேசும்போது மாமா என்னைக் கூப்பிடச் சொன்னார்.

“உள்ள விட்டாங்களா, கண்ணு?”

“நோ, மாமா. டூ ஸ்லோ.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கார்டு தீர்ந்துவிட்டது என்று நினைத்து, ரிசீவரை அப்பாவிடம் நீட்டினேன்.

மாமா கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் இருக்கிறார். அதன்பின் அவர் விசாவுக்கு விண்ணப்பிக்கவில்லை. மஞ்சள் கார் என் மேசை மேல் இருக்கிறது. அதில் மூன்று சக்கரங்கள் சுற்றும்.