குழந்தைகளின் கையிலிருந்த தீப்பந்தம்

சனிக்கிழமை காலை துக்க மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே தாசன் சாரின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். “டீச்சர், அப்பா போயிட்டாக” என்றாள்.

எங்கள் பள்ளியில் அவர் ஓவிய ஆசிரியர். நான் ஆங்கில ஆசிரியை. ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அளவுகோல் வைத்து நான் கரும்பலகையில் இழுத்த கோடுகளைப் பார்த்து, “உங்க கோட்டப் பாத்தாலே பிள்ளைக பயப்படுதுக டீச்சர்” என்பார்.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு வளைவு உண்டு. வெள்ளைக்காரச் சாமியார் காலத்துச் சுதை வேலை. இருபுறமும் சிறகு முளைத்த குழந்தைகள், தீப்பந்தத்தைத் தலைகீழாகப் பிடித்து நின்றன. கவிழ்ந்த சுடர் என்றால் முடிந்த வாழ்வு. பழைய கிரேக்க, ரோமானியக் கல்லறைகளின் வழக்கம் என்று கன்னியர் பள்ளியில் படித்திருந்தேன்.

சில வருடங்களுக்கு முன் சாத்தூர்ப் பக்கம் பட்டாசு ஆலை வெடித்ததில் எங்கள் ஊர்ப் புஷ்பத்தின் மகள் இறந்துபோனாள். பெட்டியைத் திறந்து முகம் காட்டக்கூட முடியவில்லை. வளைவின் முன் புஷ்பம் குறுக்கே நின்றுவிட்டாள். அவளும் பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்தியவள்தான்.

“அங்கன பாருங்க, நெருப்பக் கீழ பிடிச்சிருக்கு. மருந்துலதான விழும்? இதுக்கு அடியில எம்புள்ளயக் கொண்டுபோக விடமாட்டேன்.”

நான் அந்த உருவத்தின் பொருளை விளக்கத் தொடங்கினேன். கொதிக்கும் வெயிலில், மகளின் பெட்டியருகே நின்ற தாய்க்கு.

“நீங்க சொல்றது சரிதான் டீச்சர். ஆனா இப்ப ஏணிதான் வேணும்” என்றார் தாசன் சார். ஏறினார். சுத்தியலால் இரண்டு பந்தங்களையும் உடைத்தார். பெட்டி உள்ளே போனது.

பழைய சிற்பத்தைச் சிதைத்துவிட்டார் என்று கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவைக்கு எழுதியது நான்தான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கடிதத்தால், ஆண்டுதோறும் அவர் வரைந்துவந்த கிறிஸ்துமஸ் குடிலின் பின்திரை வேலையை வேறொருவரிடம் கொடுத்தார்கள். கடைசிவரை அது அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

எழுதியது நான் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருநாள், உடைந்த பந்தம் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி என் வீட்டுக்கு வந்தார். “நீங்கதான் பத்திரமா வைப்பீக” என்றார். உள்ளே வரச் சொல்லாமல் வாசலிலேயே வாங்கிக்கொண்டேன். கடிதத்தைத் திரும்பப் பெறவில்லை.

ஞாயிறு மாலை அதே வளைவின் கீழ் அவரைக் கொண்டுபோனோம். குழந்தைகளின் கைகள் வெறுமையாக இருந்தன. புஷ்பம் என் பக்கத்தில் நடந்தாள். “சார்தான் எம்புள்ளய உள்ள விட்டாக” என்றாள்.

பந்தம் என் அலமாரியில் இருக்கிறது. சுடரை மேலாக்கினால் நான் படித்தது பொய்யாகும். கீழாக்கினால் புஷ்பத்தின் முகம் தெரிகிறது. படுக்க வைத்திருக்கிறேன்.