லெந்து நாளில் வந்த மாப்பிள்ளை

மேலகரத்துச் சின்ன வேதக்கோயிலில் உபதேசியாராக இருந்த மாசிலாமணியை உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்திய லெந்து நோன்புகாலம் வந்துவிட்டால் கையில் பிடிக்க முடியாது. நாற்பது நாளும் வீட்டில் கருவாட்டு வாசம் எழக்கூடாது, மகள் தலையில் பூ ஏறக்கூடாது. சுவர்க் கண்ணாடியைக்கூடத் திருப்பி மாட்டிவிடுவார். தாயில்லாத ஒரே மகள் ஞானப்பூ இதற்கெல்லாம் பழகிப்போனவள்.

1943-இல் அவளுக்கு வடகரை வேதமுத்துவோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பட்டாளத்துக்காரன். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, ஆட்சேபணை இல்லையென்றும் ஆகிவிட்டது. தை மாதம் கிடைக்கவேண்டிய லீவு தள்ளிப்போய், லெந்து தொடங்கும் சாம்பல் புதன் கழிந்த பிறகுதான் வந்து சேர்ந்தான். பன்னிரண்டே நாள். அதன்பின் பர்மா எல்லை.

லெந்தில் தாலி கட்டும் வழக்கம் சபையில் இல்லை. அவசரமென்றால், ஐயர் என்று சபை அழைக்கும் தென்காசிக் குருவானவர் உத்தரவு கொடுக்கலாம். வேதமுத்து கைகட்டி நின்று, ஐயரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் என்றான். மறுநாள் மாசிலாமணி குடையை எடுத்துக்கொண்டு தென்காசிக்கு நடந்தார். சாயங்காலம் திரும்பிவந்து, வழியில்லை, உயிர்த்தெழுந்த பண்டிகை கழியட்டும் என்றார். வேதமுத்து ரயிலேறிப் போனான்.

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஆனி மாதம் தந்தி வந்தது, அவன் தாய்க்கு. ஞானப்பூவுக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அவளிடம் சாவுத் துட்டி கேட்க ஒருவரும் வரவில்லை. என்ன உறவென்று வருவார்கள்? ஊருக்கெல்லாம் ஆறுதல் சொன்ன உபதேசியாருக்கு மகளிடம் வாய் எழவில்லை. கிறிஸ்மஸுக்கும் அவள் புதுச்சேலை உடுத்தவில்லை.

மறுவருஷ லெந்தில் உபவாசத்தைப் பற்றிப் பிரசங்கிக்க வசனம் தேடினார். மணவாளன் கூட இருக்கையில் தோழர்கள் உபவாசம் இருப்பார்களா என்று ஆண்டவர் கேட்ட இடம் வந்தது. எத்தனையோ தரம் வாசித்த இடம்தான். அவன் எடுக்கப்படும் நாள் வரும், அப்போது உபவாசிப்பார்கள் என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. பன்னிரண்டு நாள் மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் நோன்பு காத்தேனே என்று வேதத்தை மூடிவைத்தார்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த மகள் முன்னால் போய் நின்றார்.

"ஏட்டி, அன்னைக்கு நான் ஐயரப் பாக்கவே இல்ல. கேட்டா குடுத்திருவாரு. உபதேசியாரே மகளுக்காக வழக்கத்த மீறிட்டாருன்னு சபை பேசுமேன்னு, அவரு வீட்டு வாசலோட திரும்பிட்டேன்."

ஞானப்பூ சுளகை மடியில் வைத்தாள். அழவில்லை.

"தெரியும்ப்பா. அன்னைக்கு அவுகளும் மனசு கேக்காம உங்க பின்னாலயே வந்திருக்காவ. நீங்க திரும்புனதப் பாத்திருக்காவ. மாமாவுக்கு மனசில்லாம தாலி கெட்ட வேண்டாம், நீ இதக் கேட்டு மாமாவ நோகடிக்காதன்னு பட்டாளத்துலேருந்து எழுதுனாவ."

சுளகை மறுபடி கையில் எடுத்தாள்.

"எனக்குன்னு அவுக எழுதுன கடுதாசி அது ஒண்ணுதான்."