சந்தனமேரியின் ராத்திரி ஷிப்ட்

ஆவூர்ப் பக்கத்தில் சந்தனமேரி என்றால் சட்டென்று யாருக்கும் தெரியாது. தூங்குமூஞ்சி மேரி என்றால் எல்லோருக்கும் தெரியும். காலைப் பூசையில் முழங்காலில் நின்றபடியே தூங்கி விழுவாள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றினால் அங்கேயும் தூங்கினாள். அடித்தார்கள், மூஞ்சியில் தண்ணீர் அடித்தார்கள், மந்திரிக்காத குறைதான். பொழுது சாய்ந்தால்தான் அவளுக்குக் கண் தெளியும். உடம்பு வாகு அப்படி. அதைச் சொன்னால் எந்த மகராசன் கேட்டான்?

இலுப்பூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலைக்குப் போன பிறகுதான் அவள் வயிற்றில் பால் வார்த்தது. மற்ற பெண்கள் நைட் ஷிப்ட் என்றாலே அழுவார்கள். இவள் எல்லோருடையதையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அறுந்த இழையைப் பிடித்து ஒட்டுவதில் அந்த மில்லில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. சூப்பர்வைசர் ரகுநாத் ஒரு தடவை, "சுறுசுறுப்புன்னா மேரியப் பாத்துக் கத்துக்கங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அதுவரை அவளைப் பார்த்து அந்த வார்த்தையை யாரும் சொன்னதே இல்லை. பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

கொத்தனார் வேலை பார்க்கும் புருஷன் இன்னாசிக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒம் பொண்டாட்டி ராத்திரி எங்கப்பா?" என்று சாரத்தில் எவனோ கேட்டுவிட்டானாம். சம்பளம் மட்டும் இனித்தது.

போன வருஷம் மில்லுக்கு ஒரு டாக்டர் வந்து படம் போட்டுக் காட்டினார். பகலில் உழைத்து ராத்திரி தூங்குவதுதான் மனித உடம்பின் இயற்கை என்றார். முதலாளியும் பெரிய மனது பண்ணி, பெண்கள் அத்தனை பேரையும் காலை ஷிப்டுக்கு மாற்றினார். எல்லோரும் கை தட்டினார்கள். சந்தனமேரி மட்டும் ரகுநாத் பின்னாலேயே ஓடினாள்.

"சார், எனக்கு ராத்திரிதான் ஒடம்பு சொன்னதக் கேக்கும். என்னைய மட்டும் விட்டுருங்க சார்."

"ஒன் நல்லதுக்குத்தாம்மா. பத்து நாள்ல பழகிரும்."

முப்பது வருஷமாகப் பழகாதது பத்து நாளில் பழகுமா? கடுங்காப்பி குடித்தாள், தொடையைக் கிள்ளிக்கொண்டாள். மெஷின் முன்னால் நின்றபடியே தூங்கினாள். நூல் அறுந்து அறுந்து கொட்டியது. வேலை நேரத்தில் தூங்குகிறாள் என்று நிறுத்திவிட்டார்கள். தூக்கத்துக்கு வகுப்பு நடத்திய அதே மில்!

பங்குனியில் ஒரு நாள் காலை. பாயில் கிடந்தவளுக்கு, இன்னாசி அவள் போனை எடுத்துப் பேசுவது எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தது.

"நைட் ஷிப்டுக்கா? அவ தூங்குறா சார். இல்ல இல்ல, வர மாட்டா. வேற ஆளப் பாருங்க."

எழுந்து போனைப் பிடுங்கவேண்டும் என்று துடித்தாள். பாழாய்ப்போன உடம்பு அசைந்தால்தானே! "யாருங்க?" என்று முனகத்தான் முடிந்தது.

"ராங் நம்பர். நீ தூங்கு."

இருட்டின பிறகு, கண் தெளிந்து அவளே ரகுநாத்தைக் கூப்பிட்டாள்.

"ராத்திரிக்கு ஆள் பத்தலன்னு பொம்பளைங்களையும் மறுபடி கூப்பிடச் சொன்னாங்க. மொதல்ல ஒனக்குத்தாம்மா போன் போட்டேன்" என்றார் அவர். "அந்த எடத்துக்கு அப்பவே ஆள் எடுத்தாச்சு. கொஞ்சம் சீக்கிரம் எந்திரிச்சிருக்கக் கூடாதா?"